படம் ஒருவருடையது, வியாபாரம் இன்னொருவருடையது

2010 ஜனவரி 12, மாலை 4.53 மணி. ஹைத்தியின் தலைநகர் போர்ட்-ஓ-பிரான்ஸை நிலநடுக்கம் உலுக்கியபோது டேனியல் மொரேல் அந்த ஊரிலேயே இருந்தார். அந்த மண்ணில் பிறந்தவர். பல ஆண்டுகள் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்துக்காகப் படமெடுத்தவர். தெருவில் இறங்கி எடுத்துக்கொண்டே போனார். இடிபாடுகளுக்குள் சிக்கிய ஒரு பெண் புழுதி படிந்த முகத்துடன் வெளியே பார்க்கும் படம் அன்று எடுத்ததுதான். மாலையே ட்விட்டரில் கணக்குத் தொடங்கி, ட்விட்பிக் தளம் வழியாகத் தன் படங்களை ஏற்றினார்.

சற்று நேரத்தில் பக்கத்து நாடான டொமினிக்கன் குடியரசைச் சேர்ந்த ஒருவர் அவற்றை எடுத்து, தான் எடுத்தவை போலத் தன் பக்கத்தில் போட்டுக்கொண்டார். ஏஎஃப்பி செய்தி நிறுவனம் அந்தப் பக்கத்திலிருந்து படங்களை இறக்கி, அந்த ஆளின் பெயரையே போட்டு உலகெங்கும் அனுப்பியது. கெட்டி இமேஜஸ் வழியாக அவை விற்பனைக்கும் போயின. தவறு தெரிந்த பிறகு பெயரைத் திருத்தும் அறிவிப்பு வந்தது. ஆனாலும் விற்பனை உடனே நிற்கவில்லை.

மொரேல் உரிமை கேட்டபோது, ஏஎஃப்பி நிறுவனமே முந்திக்கொண்டு நியூயார்க் நீதிமன்றத்துக்குப் போனது. ட்விட்டரில் போட்ட படத்தை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று அந்தத் தளத்தின் விதிமுறைகளே சொல்கின்றன என்பது அதன் வாதம். 2013 ஜனவரியில் நீதிபதி அலிசன் நேதன் அதை ஏற்க மறுத்தார். அதே ஆண்டு நவம்பரில், 8 படங்களுக்காக ஏஎஃப்பியும் கெட்டியும் 12 லட்சம் டாலர் கொடுக்க வேண்டும் என்று நடுவர் குழு சொன்னது. ஒரு படத்துக்கு 1,50,000 டாலர். அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கும் உச்ச வரம்பு அது.

பெரிய வெற்றிதான். ஆனால் அதற்கு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆயின. எதிரே நின்றவை உலகின் மிகப் பெரிய பட நிறுவனங்களில் இரண்டு. மொரேலிடம் அனுபவமும் மூலக் கோப்புகளும் நல்ல வழக்கறிஞர்களின் துணையும் இருந்தன. இவை எதுவும் இல்லாமல், தன் படம் யாரோ ஒருவரின் விளம்பரத்தில் இருப்பதை ஒரு நாள் காலையில் கைபேசியில் பார்க்கும் சாதாரணப் புகைப்படக்காரர் என்ன செய்ய முடியும்? இந்தத் துறையின் வழக்குகளையும் சட்டங்களையும் வரிசையாகப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகிறது. சட்டம் ஏறக்குறைய எல்லா நாட்டிலும் படமெடுத்தவர் பக்கம்தான் இருக்கிறது. அவர் தோற்பது வேறு மூன்று இடங்களில்: எடுத்தது நான்தான் என்று நிரூபிக்கும்போது, இதன் விலை இவ்வளவு என்று சொல்லும்போது, எந்தக் கதவைத் தட்டுவது என்று முடிவெடுக்கும்போது.

பழைய திருட்டு, புதிய வேகம்

இணையம் வந்துதான் இந்தச் சிக்கல் வந்தது என்பதில்லை. 1882இல் நியூயார்க் புகைப்படக் கலைஞர் நெப்போலியன் சரோனி, எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டைத் தன் ஸ்டூடியோவில் உட்காரவைத்துப் படமெடுத்தார். அந்தப் படத்தை ஓர் அச்சு நிறுவனம் அனுமதியின்றி 85,000 பிரதிகள் அச்சடித்தது. இயந்திரம் தானாகப் பதிவு செய்வதில் எடுத்தவரின் படைப்பு என்ன இருக்கிறது என்று அந்த நிறுவனம் வாதாடியது. 1884இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை மறுத்தது. உட்காரவைத்த விதம், உடை, பின்னணி, ஒளி, நிழல் எல்லாம் சரோனி தீர்மானித்தவை. ஆகவே படம் அவருடைய படைப்பு என்றது. சரோனிக்குக் கிடைத்த தொகை 610 டாலர்.

அந்தக் காலத்தில் திருடுவதற்கு அச்சகமாவது வேண்டியிருந்தது. இன்று விரலால் ஒரு அழுத்து அழுத்தினால் போதும். அதனால் திருடுபவர்களின் வகையும் பெருகிவிட்டது. திருவிழாப் படத்தையோ மலைப்பாதைப் படத்தையோ இன்ஸ்டாகிராமிலிருந்து எடுத்து டிராவல்ஸ் விளம்பரத்தில் போடுபவர்கள் ஒரு வகை. வாடிக்கையாளர் கேட்டார் என்று கூகுளில் தேடிக் கிடைத்ததை ஃப்ளெக்ஸில் அடித்துத் தரும் கடைகள் இன்னொரு வகை. வீட்டிலிருந்தபடியே புடவை விற்கும் பெண் ஒருவர் ஜன்னல் வெளிச்சத்தில் மடிப்பு சரிசெய்து எடுத்த படத்தை அப்படியே தூக்கி, அதே புடவை என்று சொல்லித் தரம் குறைந்த துணியை விற்பவர்கள் உண்டு. இங்கே விற்பனை போவதோடு, ஏமாந்த வாடிக்கையாளரின் கோபமும் படமெடுத்தவர் மேல் விழுகிறது. காலண்டர், டி-ஷர்ட், சுவர்ப்படம் என்று அச்சிட்டு விற்கும் தளங்கள் இருக்கின்றன. அடுத்தவர் படத்தைத் தன்னுடையது என்று பட விற்பனைத் தளங்களில் ஏற்றிக் காசு பார்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

இவர்களில் பலர் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. கூகுளில் வந்தால் பொதுச் சொத்து, பெயர் போட்டால் போதும், வாட்டர்மார்க் இல்லையென்றால் உரிமையாளர் இல்லை என்ற நம்பிக்கைகள் ஊறிப்போயிருக்கின்றன. மூன்றுமே தவறு. படமெடுத்த கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்ய வேண்டியதில்லை, முத்திரை போட வேண்டியதில்லை. பெர்ன் உடன்படிக்கையில் இந்தியா உட்பட 180க்கும் மேற்பட்ட நாடுகள் இருப்பதால், மதுரையில் எடுத்த படத்துக்கு மெல்பர்னிலும் பாதுகாப்பு உண்டு. பெயர் போடுவது மரியாதை. அனுமதிக்கு அது ஈடாகாது.

சமூக ஊடக விதிமுறைகளைப் பற்றியும் இதே குழப்பம்தான். படத்தை ஏற்றும்போது பயனர் கொடுக்கும் அனுமதி அந்த நிறுவனத்துக்குத்தான். தெருமுனைக் கடைக்கு அல்ல. 2012 டிசம்பரில் இன்ஸ்டாகிராம் தன் விதிமுறைகளை மாற்றியபோது, பயனர் படங்களை அது விளம்பரத்துக்கு விற்கப்போகிறது என்ற எதிர்ப்பு சில நாட்களிலேயே உலகம் முழுக்கக் கிளம்பியது. நிறுவனம் பின்வாங்கியது. 2014இல் ஃப்ளிக்கர், பயனர்கள் வணிகப் பயன்பாட்டுக்கும் திறந்துவிட்ட படங்களைச் சுவர்ப்படமாக விற்கத் தொடங்கியது. உரிமத்தின்படி அது சரியே. ஆனாலும் எதிர்ப்பு வலுத்ததால் சில வாரங்களில் நிறுத்திக்கொண்டது.

ஏற்கெனவே இணையத்தில் இருக்கும் படத்தை மறுபடி ஏற்றினால் என்ன தவறு என்ற கேள்வி ஐரோப்பிய நீதிமன்றம் வரை போயிருக்கிறது. டிர்க் ரென்க்ஹோஃப் என்பவர் எடுத்த ஸ்பெயினின் கோர்தபா நகரப் படத்தை, அவரிடம் அனுமதி பெற்ற ஒரு பயணத் தளத்திலிருந்து ஜெர்மானியப் பள்ளி மாணவர் ஒருவர் தன் பாட வேலைக்காக எடுத்தார். பள்ளி அதைத் தன் தளத்தில் ஏற்றியது. 2018 ஆகஸ்டில் வந்த தீர்ப்பு, இன்னொரு தளத்தில் ஏற்றுவது புதிய பொதுமக்களிடம் கொண்டுபோவதாகும், அதற்குத் தனி அனுமதி தேவை என்றது. லாப நோக்கமில்லாத பள்ளிக்கே இந்த நிலை என்றால், விளம்பரத்துக்கு எடுத்தவருக்குச் சாக்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

இந்தியச் சட்டத்தில் ஒரு கண்ணி

1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் புகைப்படத்தைக் கலைப்படைப்பாகக் கருதுகிறது. கலைத்தரம் இருக்கிறதா இல்லையா என்று அது கேட்பதில்லை. கைபேசியில் எடுத்த சாப்பாட்டுத் தட்டுக்கும் பாதுகாப்பு உண்டு. முன்பு வெளியான நாளிலிருந்து 60 ஆண்டு என்றிருந்த காலம், 2012 திருத்தத்துக்குப் பிறகு எடுத்தவரின் ஆயுளும் அதற்கு மேல் 60 ஆண்டும் என்று நீண்டிருக்கிறது.

ஆனால் 17ஆம் பிரிவில் தொழில்முறைப் புகைப்படக்காரர்கள் கவனிக்க வேண்டிய விதி ஒன்று இருக்கிறது. ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டுக்கொண்டதன் பேரில் படமெடுத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், அந்தப் படத்தின் முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவர்தான். கல்யாண வீட்டுக்குப் பேசிய தொகைக்குப் போய் எடுத்த படங்கள், எதையும் எழுதிக்கொள்ளாவிட்டால், சட்டப்படி கல்யாண வீட்டாருடையவை. மணப்பெண்ணின் முகத்தை ஓர் அழகு நிலையம் தன் விளம்பரத்தில் போட்டுவிட்டால், பதிப்புரிமையின் பேரில் வழக்குப் போடும் இடத்தில் இருப்பவர் புகைப்படக்காரர் அல்ல. படம் கேட்டுப் பணம் கொடுத்தவர். அதுமட்டுமல்ல, அந்தப் படங்களைப் புகைப்படக்காரரே தன் ஸ்டூடியோ விளம்பரத்துக்குப் போடுவதற்கும் அவர்களுடைய சம்மதம் தேவைப்படும்.

இதைச் சரிசெய்ய அட்வான்ஸ் வாங்கும் ரசீதிலேயே சில வரிகள் போதும். உரிமை யாரிடம் இருக்கும், வீட்டார் எதற்கெல்லாம் பயன்படுத்தலாம், ஸ்டூடியோ எங்கே காட்டலாம் என்று எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட்டால் 17ஆம் பிரிவின் அந்த விதி விலகிக்கொள்ளும். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலத்தையும் குறிப்பிட வேண்டும். குறிப்பிடாவிட்டால் சட்டம் 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும்; எந்த இடத்துக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியா முழுமைக்கும் என்று எடுத்துக்கொள்ளும். உரிமை யாரிடம் போனாலும் 57ஆம் பிரிவு எடுத்தவரிடம் ஒன்றை விட்டுவைக்கிறது. படைத்தவர் நான் என்று சொல்லும் உரிமையும், தன் மதிப்புக்குக் கேடு வரும்படி படத்தைச் சிதைத்தால் தட்டிக்கேட்கும் உரிமையும் அவருடையவை.

படத்தில் இருப்பவர்

எடுத்தவரின் உரிமை வேறு, படத்தில் இருப்பவரின் உரிமை வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பார்ப்பதால்தான் பல நிறுவனங்கள் மாட்டிக்கொள்கின்றன.

2007இல் வர்ஜின் மொபைல் ஆஸ்திரேலியா தன் விளம்பரங்களுக்கு ஃப்ளிக்கரிலிருந்து படங்களை எடுத்தது. அவற்றில் ஒன்று அமெரிக்காவின் டெக்சாஸைச் சேர்ந்த 16 வயதுப் பெண்ணின் படம். எடுத்தவர் அதை வணிகப் பயன்பாட்டையும் அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் போட்டிருந்தார். ஆகவே பதிப்புரிமைச் சிக்கல் இல்லை என்று நிறுவனம் நினைத்தது. ஆனால் அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை. பேனா நண்பரைக் கைவிடச் சொல்லும் வாசகத்தோடு அடிலெய்டின் பேருந்து நிறுத்தத்தில் அவர் முகம் தொங்கியது. குடும்பம் டெக்சாஸில் வழக்குப் போட்டது. ஆஸ்திரேலிய நிறுவனத்தை இங்கே விசாரிக்க அதிகாரமில்லை என்று 2009இல் நீதிமன்றம் தள்ளிவிட்டது. கேள்விக்கு விடை கிடைக்காமலேயே வழக்கு முடிந்தது. அதே 2009இல் அமெரிக்கக் குடும்பம் ஒன்றின் கிறிஸ்துமஸ் வாழ்த்துப் படம் செக் நாட்டின் பிராக் நகர மளிகைக் கடை ஒன்றின் கண்ணாடியில் ஆளுயர விளம்பரமாக நின்றதைக் குடும்ப நண்பர் தற்செயலாகப் பார்த்தார்.

இந்தியாவில் இதற்கான அடிப்படையைத் தந்தது ஒரு தமிழ்நாட்டு வழக்கு. கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை நக்கீரன் இதழ் வெளியிடுவது தொடர்பாக எழுந்த ராஜகோபால் வழக்கில், 1994இல் உச்ச நீதிமன்றம் தனியுரிமையை விரிவாக வரையறுத்தது. ஒருவருடைய பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதமின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்த உரிமையை மீறுவதாகும் என்றும் சொன்னது. பின்னாளில் பிரபலங்கள் தொடுத்த வழக்குகள் இந்த வழியில்தான் வளர்ந்தன. அமிதாப் பச்சனும் ஜெயா பச்சனும் தனிஷ்க்குக்காகத் தோன்றிய விளம்பரத்தை ஒரு நகைக்கடை தன் விளம்பரப் பலகையில் அப்படியே போட்டுக்கொண்டபோது, 2012இல் டெல்லி உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அந்த வழக்கில் விளம்பரத்தின் பதிப்புரிமை, படத்திலிருப்பவரின் ஆளுமை உரிமை என்ற இரண்டும் பேசப்பட்டன. நட்சத்திரங்களுக்கு ஆளுமை உரிமை, சாதாரண மக்களுக்குத் தனியுரிமை. பெயர் எதுவானாலும் சம்மதம் கேட்டே ஆக வேண்டும்.

முதலில் சான்று, பிறகு சண்டை

தன் படம் எங்கெங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் வசதி 2008இல் டொராண்டோவிலிருந்து வந்த டின்ஐ தளத்தோடு பரவலானது. 2011இல் கூகுளும் படத்தைக் கொடுத்துத் தேடும் வசதியைத் தந்தது. ஒரே படத்தை இரண்டு மூன்று கருவிகளில் தேடிப் பார்ப்பது நல்லது. இடவலமாகத் திருப்பிய படத்தையோ ஓரம் வெட்டிய படத்தையோ ஒன்று விட்டாலும் இன்னொன்று பிடிக்கும்.

கண்டுபிடித்த உடனே எல்லோரும் செய்வது, அந்தப் பதிவின் கீழே போய்க் கோபமாக எழுதுவது. அடுத்த ஐந்து நிமிடத்தில் பதிவு மறைந்துவிடும். அதோடு ஆதாரமும் போய்விடும். எனவே முதலில் சேமிக்க வேண்டும். முகவரிப் பட்டியும் தேதியும் தெரியும்படி முழுப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பக்கத்தின் முகவரி, இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினில் ஒரு பிரதி, கட்டண விளம்பரம் என்றால் மெட்டாவின் விளம்பர நூலகத்தில் அது ஓடுவதற்கான பதிவு எல்லாம் வேண்டும். பொருளில் அச்சடித்து விற்கிறார்கள் என்றால் ஒன்றை வாங்கி ரசீதோடு வைத்துக்கொள்வது மிக வலுவான சான்று. பலகையாக நின்றால் கடையின் பெயரும் சேர்ந்து விழும்படி படமெடுக்க வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுச் சான்றுகளோடு ஒரு சான்றிதழும் வேண்டும் என்கிறது. கோப்பின் ஹாஷ் எண்ணையும் அதில் குறிக்க வேண்டும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும் என்பதால், பிற்பாடு யாரும் திருத்தவில்லை என்று காட்ட அது உதவுகிறது.

அடுத்தது, எடுத்தவர் தான்தான் என்பதற்கான சான்று. சமூக ஊடகங்கள் பெரும்பாலும் படத்தை ஏற்றும்போதே கேமரா விவரங்களை உதிர்த்துவிடுகின்றன. வாட்டர்மார்க்கை அழிக்க இப்போது செயலிகளே இருக்கின்றன. ஆனால் திருடியவரிடம் ஒருபோதும் இருக்க முடியாத ஒன்று புகைப்படக்காரரின் ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது: அந்தப் படத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள். அலங்காநல்லூரில் காளை வாடிவாசலைத் தாண்டும் ஒரு நொடியை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அதற்கு முந்தைய படத்தில் காளையின் தலை மட்டும் தெரிவதும், அடுத்ததில் குறி தவறி வெறும் புழுதி மட்டும் விழுந்ததும், தொடர்ச்சியான கோப்பு எண்களோடு எடுத்தவரிடம் மட்டுமே இருக்கும். ரா கோப்புகளையும் உதவாத படங்களையும் இடம் அடைக்கிறதென்று அழித்துவிடுபவர்கள் தங்கள் வலுவான சாட்சியத்தையே அழிக்கிறார்கள். 2023இல் லைக்கா எம்11-பி, எடுக்கும்போதே படத்தோடு கையொப்பமிட்ட மூல விவரத்தைப் பதிக்கும் முதல் கேமராவாக வந்தது. அந்தத் தொழில்நுட்பம் எல்லோர் கைக்கும் வரும்வரை, அழிக்காமல் வைத்த வரிசைதான் நம்பகமான ஆதாரம்.

நீக்கச் சொல்வதா, பணம் கேட்பதா?

சான்று கையில் வந்ததும் இரண்டு பாதைகள் பிரிகின்றன. குடும்பப் படம், குழந்தையின் படம், மானத்துக்குக் கேடான பயன்பாடு என்றால் உடனே நீக்கவைப்பதுதான் முக்கியம். வெளிநாட்டுத் தளங்களில் இதற்கு அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு டிஎம்சிஏ சட்டப்படியான அறிவிப்பு பயன்படுகிறது. தள உரிமையாளர் பதில் சொல்லாவிட்டால் அதன் சர்வரை நடத்தும் நிறுவனத்துக்கும் கூகுள் தேடலுக்கும் அனுப்பலாம். எதிர்த் தரப்பு மறுப்புத் தெரிவித்து, படத்தின் உரிமையாளர் வழக்குப் போடாவிட்டால், 10 முதல் 14 வேலை நாட்களில் படம் திரும்ப வரக்கூடும். இந்தியாவில் எழுத்துப்பூர்வ புகார் கிடைத்த 36 மணி நேரத்தில் தளம் அந்தப் படத்தை எட்டாதபடி தடுக்க வேண்டும். 21 நாட்களுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் மறுபடி திறக்கலாம். சமூக ஊடக நிறுவனங்களின் குறைதீர் அலுவலருக்கும் ஆன்லைன் கடைகளின் அறிவுசார் சொத்துப் புகார்ப் பக்கத்துக்கும் அனுப்புவது இலவசம், வக்கீல் தேவையில்லை.

ஆனால் வியாபாரத்துக்கு எடுத்தவர் வெறுமனே நீக்கிவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று ஏற்றுக்கொள்வது தொழிலுக்கே கேடு. திருவிழாக் காலம் முழுக்க விளம்பரம் ஓடி முடிந்தபின் நீக்குவதில் கடைக்காரருக்கு நட்டம் ஒன்றுமில்லை. இலவசமாகக் கிடைத்தது லாபம். பிடிபட்டால் நீக்கினால் போதும் என்றால் யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள். படமெடுத்தவர் பணம் கேட்பது பேராசை ஆகாது. விற்ற பொருளுக்கு விலை கேட்பதைப் போன்றதுதான் அது.

அந்த முதல் கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் அனுபவமுள்ளவர்கள் பெரும்பாலும் ஒத்துப்போகிறார்கள். திட்டு வேண்டாம். எந்தப் படம், எங்கே, எந்தத் தேதியில் பார்த்தது, தானே எடுத்ததற்கு என்ன சான்று, எவ்வளவு காலப் பயன்பாட்டுக்கு எவ்வளவு தொகை, பதில் தர எத்தனை நாள் என்று தெளிவாக எழுதி பில்லை இணைத்தால் போதும். அச்சா இணையமா, எந்த அளவு, எவ்வளவு காலம், எந்த ஊர்களில், வேறு யாருக்கும் விற்காத உரிமையா என்பவற்றைப் பொறுத்துத் தொகை மாறும். இதே மாதிரிப் படத்துக்கு முன்பு யாரோ கொடுத்த தொகையின் பில் ஒன்று இருந்தால் பேச்சு எளிதாகும். பணம் வந்ததும், எந்தப் பயன்பாடு இதில் தீர்ந்தது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். ஆதாரமில்லாமல் மிரட்டினால் மிரட்டப்பட்டவரே வழக்குப் போடச் சட்டத்தின் 60ஆம் பிரிவில் இடமுண்டு என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

நீதிமன்றக் கதவுகள்

பேச்சு பலிக்காவிட்டால் வழக்கு. இந்தியாவில் தடை உத்தரவு, இழப்பீடு, எதிராளி ஈட்டிய லாபக் கணக்கு மூன்றையும் கேட்கலாம். வழக்குப் போடுபவர் தான் வசிக்கும் ஊர் நீதிமன்றத்திலேயே போடச் சட்டம் சலுகை தருகிறது. அந்தச் சலுகைக்கு 2015இல் உச்ச நீதிமன்றம் சில வரம்புகளை வகுத்தது. அவசரத் தடை கேட்காத வணிக வழக்குகளில் முதலில் சமரசத்துக்குப் போயாக வேண்டும். தெரிந்தே மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இது போலீஸே வழக்குப் பதிந்து கைது செய்யக்கூடிய, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றம் என்று 2022 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. உரிமை விவரத்தைப் படத்திலிருந்து வேண்டுமென்றே அழிப்பதும் 2012 திருத்தத்துக்குப் பிறகு தனிக் குற்றம்.

குறை எங்கே என்றால் தொகையில். அமெரிக்காவில் முன்கூட்டியே பதிவு செய்த படம் என்றால், நட்டத்தை ரூபாய் பைசாவாக நிரூபிக்காமலேயே 750 முதல் 30,000 டாலர் வரை, வேண்டுமென்றே செய்தது என்றால் 1,50,000 டாலர் வரை கேட்கலாம். இந்தியச் சட்டத்தில் அப்படி நிர்ணயித்த தொகை கிடையாது. 5,000 ரூபாய் மதிப்புள்ள படத்துக்காக ஆண்டுக்கணக்கில் அலைய யாருக்குத் துணிவு வரும்? பிரிட்டனில் 10,000 பவுண்டு வரையான அறிவுசார் சொத்து வழக்குகளுக்குச் சிறு வழக்குப் பிரிவு இருக்கிறது. அமெரிக்காவில் 2022 ஜூனில் தொடங்கிய பதிப்புரிமைக் கோரிக்கை வாரியம், 30,000 டாலர் வரையான கோரிக்கைகளை 100 டாலர் கட்டணத்தில், நேரில் வராமலேயே விசாரிக்கிறது. அதிலும் ஓர் ஓட்டை: எதிராளி 60 நாட்களுக்குள் விலகிக்கொள்ளலாம். ஜெர்மனியில் படச் சந்தைக்கான விலைப்பட்டியல் ஒன்று வெளியாகிறது. நீதிமன்றங்கள் அதை ஒரு வழிகாட்டியாக எடுத்துக்கொள்வதுண்டு. பெயர் போடாமல் விட்டதற்குக் கூடுதல் தொகை சேர்ப்பதும் உண்டு.

உரிமை கேட்கும் தொழில் எல்லை மீறிய கதைகளும் இருக்கின்றன. அமெரிக்காவைப் படமெடுப்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட கேரல் ஹைஸ்மித், தன் ஆயிரக்கணக்கான படங்களைப் பொதுமக்களுக்காக அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குக் கொடுத்தவர். 2015 டிசம்பரில், அவருடைய நிறுவனத் தளத்தில் இருந்த அவருடைய படத்துக்கே 120 டாலர் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. பட நிறுவனங்கள் அவர் இலவசமாகக் கொடுத்ததை விற்றுக்கொண்டிருந்தது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. 2016இல் அவர் 100 கோடி டாலர் கேட்டுத் தொடுத்த வழக்கில் பதிப்புரிமைக் கோரிக்கைகள் தள்ளுபடியாயின. பொதுவில் விட்டபின் பிடித்துக்கொள்ள உரிமை மிச்சமில்லை. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் படத்தைப் போட்டுவிட்டு, பெயர் போடுவதில் சிறு பிழை செய்பவர்களிடம் பெருந்தொகை கேட்பதையே வேலையாக வைத்திருப்பவர்களும் உருவானார்கள். 2013இல் வந்த அந்த உரிமத்தின் 4.0 பதிப்பு, பிழை தெரிந்த 30 நாட்களுக்குள் திருத்திக்கொண்டால் உரிமம் மீண்டும் செல்லும் என்று சொல்லி, நேர்மையாகப் பிழை செய்தவருக்குக் காப்பு தந்தது.

மாற்றி வரைந்தால் புதிதாகிவிடுமா என்ற கேள்விக்கு 2023 மே மாதத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது. லின் கோல்ட்ஸ்மித் 1981இல் எடுத்த பாடகர் பிரின்ஸின் படத்தை வைத்து ஆண்டி வார்ஹால் ஓவியம் செய்தார். 1984இல் ஒரே ஒரு முறை பயன்படுத்த கோல்ட்ஸ்மித்துக்குக் கிடைத்தது 400 டாலர். 2016இல் பிரின்ஸ் இறந்தபோது, அதே வரிசையின் இன்னொரு ஓவியத்தைப் பத்திரிகை அட்டையில் போட வார்ஹால் அறக்கட்டளை 10,000 டாலர் வாங்கியது. கோல்ட்ஸ்மித்துக்கு எதுவும் வரவில்லை. பத்திரிகைக்கு உருவப்படம் விற்பதுதான் இருவருடைய நோக்கமும் என்பதால் இது நியாயமான பயன்பாடு ஆகாது என்று 7க்கு 2 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. படத்தின் மேல் வண்ணம் பூசி விளம்பரமாக்கும் வடிவமைப்பாளர்கள் கவனிக்க வேண்டிய தீர்ப்பு இது.

செயற்கை நுண்ணறிவு இந்த விவாதத்தை வேறு தளத்துக்குக் கொண்டுபோயிருக்கிறது. செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிக்க 2022இல் வெளியான லயன்-5பி தொகுப்பில் 585 கோடி படங்களின் இணைய முகவரிகளும் விவரங்களும் இருந்தன. தன் படத்தை அந்தத் தொகுப்பின் நிறுவனம் இறக்கியதை எதிர்த்துப் புகைப்படக்காரர் ராபர்ட் க்னெஷ்கே தொடுத்த வழக்கில், ஆராய்ச்சிக்கான விதிவிலக்கின் கீழ் அது செல்லும் என்று 2024 செப்டம்பரில் ஹாம்பர்க் நீதிமன்றம் சொன்னது. ஒரு படத்தைத் திருடி ஒரு விளம்பரம் செய்தால் சுட்டிக்காட்ட முடியும். கோடிக்கணக்கான படங்களில் ஒன்றாகக் கரைந்தபின் எதைச் சுட்டுவது, யாரிடம் பில் நீட்டுவது என்பதற்கு எந்த நாட்டிலும் இன்னும் உறுதியான விடை இல்லை.

செயற்கை நுண்ணறிவின் கேள்வி முடிய நாளாகலாம். கடை விளம்பரத்தில் தொங்கும் படத்தின் கேள்வியை இங்கேயே, இப்போதே பாதியாவது தீர்க்க முடியும். சென்னை உயர் நீதிமன்றத்தில் அறிவுசார் சொத்து வழக்குகளுக்கென்று தனிப்பிரிவு வந்திருக்கிறது. ஆனால் அது பெரிய வழக்குகளுக்கான வாசல். சில ஆயிரம் ரூபாய் வழக்கை ஆன்லைனிலேயே விசாரிக்கும் சிறு மன்றமும், குறைந்தபட்ச இழப்பீட்டுத் தொகையும் இந்தியச் சட்டத்துக்கு அவசரமாகத் தேவை. சட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளும் உண்டு. ஃப்ளெக்ஸ் அடிப்பவரும் விளம்பர வடிவமைப்பாளரும், படத்துக்கு அனுமதி இருக்கிறது என்று வாடிக்கையாளரிடம் எழுதி வாங்கலாம். ஆல்பத்துக்கும் நாள் வேலைக்கும் விலை பேசத் தெரிந்த புகைப்படக்காரர் சங்கங்கள், இணைய விளம்பரத்துக்கு ஒரு மாதத்துக்கு இவ்வளவு, பலகைக்கு இவ்வளவு, பெயரில்லாமல் போட்டால் கூடுதலாக இவ்வளவு என்று ஒரு விலைப்பட்டியலும், ரசீதின் பின்பக்கம் அச்சடிக்க ஒரு மாதிரி ஒப்பந்தமும் வெளியிடலாம். வக்கீல் நோட்டீஸில் எழுதும் தொகையை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று எதிர்த்தரப்பு கேட்கும்போது, ஒற்றை ஆளாக நிற்கும் புகைப்படக்காரர் அந்தப் பட்டியலை எடுத்து மேசைமேல் வைக்க முடியும்.